அத்தியாயம் 7: கணக்கில் தீர்வது, உடம்பில் தீர்வது

ஸ்டார்ட்அப் நடத்துகிறவர்களிடம் "மனசை அமைதியா வெச்சுக்கோங்க" என்று சொல்லாத ஆளே இல்லை. மூச்சுப் பயிற்சி, தியானம், காலை நடை என்று பட்டியலும் கூடவே வரும். அவற்றில் எதையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. சில இந்த அத்தியாயத்திலேயே வரும். ஆனால் முப்பதாம் தேதி சம்பளம் போட வேண்டும், வரவேண்டிய பில் தொகை வரவில்லை என்ற நிலையில் கண்ணை மூடி உட்கார்ந்தால் உள்ளே தெரிவது அந்த பில்தான். அந்தப் பதற்றத்தைக் கணக்கில்தான் தீர்க்க முடியும். கணக்கெல்லாம் சரியாக இருந்தும், முதலீட்டுப் பணம் வங்கிக்கு வந்த பிறகும், விடிகாலை மூன்று மணிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டு எழுகிறவர்களும் உண்டு. அவர்கள் எக்செல் ஷீட்டை இன்னொரு முறை திறப்பதால் ஒரு பயனும் இல்லை. அவர்களுக்குத் தூக்கமும், சில நேரம் மருத்துவரும் வேண்டும்.

இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே இரவில் கலந்து வருவதால் பிரித்துப் பார்ப்பது கடினம். பிரிக்க ஒரு கேள்வி போதும்: இந்தப் பயத்துக்கு ஒரு தொகையும் ஒரு தேதியும் சொல்ல முடிகிறதா? முடிந்தால் முதலில் கணக்குக்குப் போங்கள். "என்னமோ தப்பா நடக்கப் போகுது" என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியவில்லை என்றால் உடம்பிலிருந்து தொடங்குங்கள். கணக்கில் தீர வேண்டியதைத் தியானத்தில் தீர்க்கப் பார்ப்பதும், மருத்துவரிடம் போக வேண்டியதைக் கூடுதல் உழைப்பால் தீர்க்கப் பார்ப்பதும்தான் நல்ல நிறுவனர்களையும் மாதக்கணக்கில் வாட்டுகின்றன.

இந்தப் பதற்றம் பலவீனமானவர்களுக்கு மட்டும் வருவது என்ற நினைப்பு இன்னும் இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் மைக்கேல் ஃப்ரீமன், தன் குழுவுடன் 2015இல் 242 தொழில்முனைவோரிடம் ஓர் ஆய்வு செய்தார். வாழ்நாளில் ஒரு மனநலச் சிக்கலாவது இருந்ததாகச் சொன்னவர்கள் 49 சதவீதம். ஒப்பீட்டுக்கு எடுத்த மற்றவர்களில் அது 32 சதவீதம். சிறிய ஆய்வு, அமெரிக்க ஆய்வு, பதில் சொல்ல முன்வந்தவர்களின் வாய்மொழி. அதை அப்படியே கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் பொருத்த முடியாது. ஆனால் பக்கத்து மேசையில் தெம்பாகப் பேசிக்கொண்டிருப்பவருக்கும் இது இருக்கலாம் என்று நம்ப அந்த எண்கள் போதும்.

பதின்மூன்று வாரத் தாள்

முதலில் கணக்கு. ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் 14 பேர் வேலை செய்யும் ஒரு மென்பொருள் நிறுவனம். மாதச் செலவு: சம்பளம் 8 லட்சம், வாடகை 60 ஆயிரம், சர்வர், மென்பொருள் சந்தா 70 ஆயிரம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., டி.டி.எஸ். எல்லாம் சேர்ந்து 90 ஆயிரம், கடன் தவணை 80 ஆயிரம். மொத்தம் 11 லட்சம். உறுதியாக வரும் மாத வரவு 5 லட்சம். கையிலிருந்து கரைவது மாதம் 6 லட்சம். வங்கியில் இருப்பது 24 லட்சம்.

இரவில் படுத்தால் இந்த நிறுவனருக்குத் தோன்றுவது "அடுத்த மாசமே காசு தீர்ந்துடும்" என்பது. காலையில் வகுத்துப் பார்த்தால் நான்கு மாதம். நிம்மதி அடைவதற்கு முன் இன்னும் இரண்டு வரி எழுத வேண்டும். வங்கியில் இருக்கும் 24 லட்சத்தில் 2 லட்சம் வாடிக்கையாளரிடம் வசூலித்து இன்னும் கட்டாத ஜி.எஸ்.டி. அது அவர் பணமே இல்லை. மிச்சம் 22 லட்சம். அடுத்தது, நிறுவனத்தை நாளைக்கே மூட வேண்டி வந்தால் யாருக்கும் பாக்கி வைக்காமல் மூட எவ்வளவு தேவை? கடைசி மாதச் சம்பளம், நோட்டீஸ் காலச் சம்பளம், உரியவர்களுக்குப் பணிக்கொடை, அரசுக்குக் கட்ட வேண்டியவை. இவருக்கு அது 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 22இல் 12 போனால் 10 லட்சம். மாதம் 6 லட்சம் கரைந்தால் சுமார் ஏழு வாரம்.

எண் பயத்தைவிட நல்ல செய்தி சொல்லும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். இங்கே முதலில் நான்கு மாதம் என்று ஆறுதல் சொன்ன கணக்கு, பிறகு ஏழு வாரம் என்று சுருங்கிவிட்டது. ஆனாலும் ஏழு வாரம் என்பது உருவமில்லாத பயத்தைவிட மேல். ஏழு வாரத்துக்குள் இன்ன வாடிக்கையாளரைப் பிடிக்க வேண்டும், ஐந்தாம் வாரத்தில் இன்ன செலவை நிறுத்த வேண்டும் என்று வேலை பிரிக்க முடியும். ஒய் காம்பினேட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் கிரகாம் 2015இல் எழுதிய ஒரு கட்டுரையில் நிறுவனர்களிடம் இதையேதான் கேட்டார்: இப்போதைய செலவும் இப்போதைய வளர்ச்சியும் இப்படியே தொடர்ந்தால், கையில் உள்ள பணம் தீர்வதற்குள் லாபத்துக்கு வந்துவிடுவீர்களா? பலருக்கு அந்தப் பதிலே தெரியவில்லை என்பதுதான் அவருடைய வருத்தம்.

இந்தக் கணக்கை ஒரு தாளில், அடுத்த பதின்மூன்று வாரத்துக்குப் போடுங்கள். மாதக் கணக்கு போதாது. இருபதாம் தேதி வரவேண்டிய பணம் மூன்றாம் தேதி வந்தால் மாதக் கணக்கில் பெரிய வித்தியாசம் தெரியாது, சம்பளத் தேதியில் தெரியும். ஒவ்வொரு வாரத்துக்கும் தொடக்க இருப்பு, வரவு, செலவு, முடிவு இருப்பு. டி.டி.எஸ். 7ஆம் தேதி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. 15, ஜி.எஸ்.டி.ஆர்.-3பி மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 20 என்று அரசுத் தேதிகளை முதலிலேயே குறித்துவிடுங்கள். மாதாமாதம் திடீரென்று ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கும் தேதிகள் இவை. வரவு வரியில் "வந்துடும்னு சொன்னாங்க" என்ற தொகைகளைச் சேர்க்காதீர்கள். அவற்றுக்குக் கீழே தனி வரி.

அந்தத் தாளின் ஓரத்தில் இரண்டு முடிவுகளைப் பகல் வெளிச்சத்தில் எழுதி வையுங்கள். இருப்பு 18 லட்சத்துக்குக் கீழே இறங்கினால் என்ன செய்வேன்? 12 லட்சத்தைத் தொட்டால் என்ன செய்வேன்? நிறுவனர் சம்பளத்தைப் பாதியாக்குவது, அலுவலகத்தைச் சிறிய இடத்துக்கு மாற்றுவது, கோ-ஃபவுண்டரோடு உட்கார்ந்து மூடுவதைப் பற்றிப் பேசுவது, எதுவானாலும் சரி. முன்பே எடுத்த முடிவை இரவு இரண்டு மணிக்கு மறுபடி எடுக்க வேண்டியதில்லை.

வரவேண்டிய பணம்

நம் ஊர் நிறுவனர்களின் பதற்றத்தில் பெரும்பகுதி தோல்வி பயமோ போட்டியாளர் பயமோ இல்லை, வராத பில் என்பது என் எண்ணம். வேலை முடித்துக் கொடுத்தாயிற்று, பெரிய கம்பெனி, பணம் மூழ்காது, ஆனால் எழுபது நாளாக வரவில்லை. தொந்தரவு செய்தால் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற தயக்கத்தில் சும்மா இருக்கிறோம். சும்மா இருக்க இருக்கத் தூக்கம் போகிறது.

சட்டம் இதில் உங்கள் பக்கம் இருக்கிறது. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கியவர், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. இது 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. வளர்ச்சிச் சட்டம். இதற்கான அரசுத் தளத்தில் புகார் செய்தால் மாநில வசதிக் குழுவுக்குப் போகும். இவ்வளவு இருந்தும் வாடிக்கையாளர் மேல் புகார் கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை, அது புரிகிறது. அதற்கு ஒரு மென்மையான வழி உண்டு. வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் சேர்க்கப்பட்ட 'ஹெச்' உட்பிரிவாக ஒரு விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்கு உரிய காலத்துக்குள் பணம் தராத கம்பெனி, அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்ட முடியும். ஆகவே இன்வாய்ஸிலேயே உங்கள் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். நீங்கள் வாய் திறக்காமலே, மார்ச் மாதத்தில் அவர்களுடைய ஆடிட்டர் அதைக் கேட்பார்.

இந்தப் பாதுகாப்பு வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் செல்லாது. அங்கே முன்பணம் கேட்பதுதான் வழி.

பெரிய கம்பெனியின் மேலாளரிடம் "சார், கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க" என்று கேட்பதால் நடப்பது குறைவு. அவருக்கும் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கும் இடையில்தான் பில் கிடக்கும். அக்கவுண்ட்ஸில் இருப்பவரையே அழைத்து மூன்று விஷயம் கேளுங்கள்: பில் பாஸ் ஆகிவிட்டதா, எங்கள் பக்கம் ஏதாவது பேப்பர் குறைகிறதா, எந்தத் தேதி பேமென்டில் வருகிறது? பெரும்பாலான நேரம் பி.ஓ. எண் தவறாக இருக்கும், அல்லது ஒரு கையெழுத்து பாக்கி இருக்கும். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் இதற்கென்று ஒதுக்குங்கள். இன்வாய்ஸைப் பணமாக்க இன்னொரு வழியும் உண்டு: ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள கம்பெனிகள் ட்ரெட்ஸ் தளங்களில் சேர வேண்டும் என்று மத்திய அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. உங்கள் வாடிக்கையாளர் அங்கே இருந்து இன்வாய்ஸை ஏற்றுக்கொண்டால், வட்டி கழித்த தொகையை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டுப் பணம்

நகைக்கடன், சீட்டு எடுத்த பணம், மாமனார் கொடுத்தது, அப்பாவின் வீட்டுப் பத்திரம். வெளியே யாருக்கும் தெரியாத இந்தப் பணம்தான் நிறுவனரை உள்ளே அதிகம் அழுத்துகிறது. பிரைவேட் லிமிடெட் என்பதால் கம்பெனிக் கடன் வீட்டுக்கு வராது என்று நம்பிக்கொண்டே வங்கியில் தனிநபர் உத்தரவாதத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி, வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, உத்தரவாதம் கொடுத்தவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். எந்தெந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், அதிகபட்சம் எவ்வளவு தொகை நம் தலையில் விழும் என்று வழக்கறிஞரையோ ஆடிட்டரையோ வைத்து ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண் பெரிதாக இருந்தாலும் சரி, தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு வீட்டில் சொல்லுங்கள். பயத்தைச் சொல்வதும் நிலவரத்தைச் சொல்வதும் வேறு. "ஒண்ணுமே சரியில்லை" என்றால் வீட்டிலும் தூக்கம் போகும். மனைவியிடமோ கணவரிடமோ இப்படிச் சொல்லலாம்: "கம்பெனியில இன்னும் ஏழு வாரத்துக்கு யோசிக்க நேரம் இருக்கு. ஐந்தாவது வாரம் ஒரு முடிவு எடுக்கணும், அதை உன்கிட்ட சொல்லிட்டுத்தான் எடுப்பேன். உன் நகையை இனி தொட மாட்டேன்." கடைசி வாக்கியத்தைக் காப்பாற்ற முடிந்தால் மட்டும் சொல்லுங்கள். அப்பா, அம்மாவிடம் மாதம் ஒரு முறை பேசினால் போதும். ஆனால் அவர்கள் பணம் உள்ளே இருக்கிறது என்றால் அவர்களுக்கும் அதே எண்களைக் காட்டியாக வேண்டும். வீட்டுச் செலவுக்கு ஆறு மாதத் தொகையைக் கம்பெனிக் கணக்கோடு கலக்காமல் தனியாக வைக்க முடிந்தவர்கள் வையுங்கள். கம்பெனி தடுமாறும் நேரத்தில் முதலில் கை போவது அதில்தான் என்பதால், துணைவர் பெயரில் இருப்பது நல்லது.

தொட்டுத் தொட்டுப் பார்க்கும் பழக்கம்

தாள் போட்ட பிறகு ஒரு புதிய சிக்கல் தொடங்கும். அதை ஓயாமல் பார்க்கத் தோன்றும். வங்கிச் செயலி, முதலீட்டாளர் வாட்ஸ்அப்பில் கடைசியாக எப்போது வந்தார், வாடிக்கையாளர் மெயிலைத் திறந்தாரா, லிங்க்ட்இனில் இன்றைக்கு யாருக்கு ஃபண்டிங். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் சில நிமிடம் பதற்றம் குறையும். அந்தச் சில நிமிட நிம்மதிதான் அடுத்த முறை கையை மறுபடி போனுக்கு இழுக்கிறது. சொறியச் சொறிய அரிப்பு கூடுவது போல, பார்க்கப் பார்க்கப் பதற்றம் வளரும். இதை வெறும் மன உறுதியால் நிறுத்த முயல வேண்டாம், நேரம் குறித்துவிடுங்கள். இருப்பு பார்ப்பது திங்கள் காலை பத்து மணி, தாளோடு சேர்த்து. வங்கிச் செயலியின் அறிவிப்பை அணைத்துவிட்டு, பெரிய தொகை வந்தால் தகவல் சொல்ல அக்கவுண்டன்டிடம் சொல்லுங்கள்.

கவலைக்கும் இதே முறை உண்டு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் போர்கவெக்கும் உடன் ஆய்வாளர்களும் 1983இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்கச் சொன்னார்கள். மற்ற நேரத்தில் கவலை எழுந்தால், அதைக் கவனித்து, அந்த அரை மணி நேரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு, கையில் இருக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும். கேட்கும்போது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். செய்கிறவர்களுக்குத்தான் அதன் பலம் தெரியும். மாலை ஆறு மணி நல்ல நேரம். படுக்கப் போகும் முன் வேண்டாம். நோட்டில் எழுதுங்கள். எழுதிய ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதற்கு நாளை செய்ய ஒரு வேலை இருக்கிறதா என்று குறியுங்கள். இருந்தால் காலண்டருக்குப் போகட்டும். இல்லாதது நோட்டிலேயே கிடக்கட்டும்.

இரவும் உடம்பும்

பெய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கலின் குழு 57 பேரை வைத்து நடத்தி 2018இல் வெளியிட்ட சோதனையில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் அடுத்த சில நாள் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், அன்று செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட ஏறத்தாழ ஒன்பது நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள். பட்டியல் விவரமாக இருக்க இருக்கத் தூக்கமும் விரைவாக வந்தது. "சேல்ஸ்" என்று எழுதாதீர்கள். "திருப்பூர் வாடிக்கையாளருக்குப் புதிய கொட்டேஷன், 11 மணிக்குள்" என்று எழுதுங்கள்.

நடு இரவில் விழித்து இருபது நிமிடத்துக்கு மேல் தூக்கம் வராமல் கிடந்தால் எழுந்து வேறு அறைக்குப் போங்கள். மங்கலான வெளிச்சத்தில் ஏதாவது புத்தகம் படித்து, கண் சொருகும்போது மட்டும் திரும்பி வாருங்கள். தூக்கம் வராமல் கட்டிலிலேயே கிடந்தால், கட்டில் என்றாலே கணக்குப் போடும் இடம் என்று மூளை பழகிவிடும். ரிச்சர்ட் பூட்ஸின் 1972இல் முன்வைத்த இந்த முறைதான் இன்றும் தூக்கமின்மைச் சிகிச்சையின் முக்கியப் பகுதியாக இருக்கிறது. எழுந்தால் போனை எடுக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காபியைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் தூக்கத்தைப் பற்றிப் பேச முடியாது. குடித்த காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணி டிகாக்‌ஷனில் பாதி, இரவு பதினொன்றுக்கும் ரத்தத்தில் இருக்கும். மதியத்துக்கு மேல் நிறுத்திப் பாருங்கள், இரண்டு வாரம். மதுவைத் தூக்க மருந்தாகப் பயன்படுத்துகிறவர்கள், சீக்கிரம் தூங்கினாலும் பின்னிரவில் விழிப்பு வருவதைக் கவனித்திருப்பார்கள். அந்த விழிப்புக்கு மதுவே காரணம்.

முதலீட்டாளர் கூட்டத்துக்கு முன் கை நடுங்கினால், நான்கு எண்ணும் அளவு மூச்சை உள்ளே இழுத்து ஆறு எண்ணும் அளவு மெதுவாக வெளியே விடுங்கள், ஐந்து நிமிடம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். திடீரென்று நெஞ்சு அடைத்து, வியர்த்து, செத்துவிடுவோமோ என்ற பயம் தாக்குவது பேனிக் அட்டாக் ஆக இருக்கலாம். அது பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லத் தணியும். ஆனால் முதல் முறை வரும்போது நீங்களாக அப்படி முடிவு செய்யக் கூடாது. மருத்துவமனைக்குப் போய் ஈ.சி.ஜி. எடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

மருத்துவரிடம் எப்போது போவது

ஜி.ஏ.டி.-7 என்று ஏழு கேள்வி கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. ராபர்ட் ஸ்பிட்சர் குழு 2006இல் வெளியிட்டது. கடந்த இரண்டு வாரத்தில் பதற்றம், கவலையை நிறுத்த முடியாமை, எரிச்சல் போன்றவை எத்தனை நாள் இருந்தன என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 21. 10ஐத் தொட்டாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மதிப்பெண் குறைவாக இருந்தாலும், காலையில் அலுவலகம் போகவே முடியவில்லை, போன் அடித்தால் எடுக்கப் பயம், குழந்தைகள் மேல் எரிந்து விழுகிறோம் என்ற நிலை வந்தால் போங்கள். மனநல மருத்துவர் மருந்து எழுதுவார். உளவியலாளர் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்ற பேச்சுவழிச் சிகிச்சை தருவார். சிலருக்கு இரண்டும் தேவைப்படும்.

மருந்துக்கடையில் நண்பர் பெயரைச் சொல்லி அல்பிரசோலாம் வாங்குவதை உடனே நிறுத்துங்கள். சில வாரத்திலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும், திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. ஏற்கெனவே தொடர்ந்து எடுப்பவர் மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மேடை நடுக்கத்துக்கு என்று கைமாற்றிக்கொள்ளும் புரோபிரானலால் மாத்திரை ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சையே அடைக்கும். பதற்றத்துக்கு வழக்கமாகத் தரும் மருந்துகள் வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்பதால் பத்தாம் நாளே பயனில்லை என்று விட்டுவிடாதீர்கள். செலவைப் பற்றி: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஊழியர்களுக்கு எடுக்கும் குழுக் காப்பீட்டில் இது எந்த அளவுக்கு இருக்கிறது என்று இந்த ஆண்டுப் புதுப்பித்தலின்போது கேளுங்கள். உங்களுக்கு மட்டுமில்லை, அவர்களுக்கும் வேண்டும்.

நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது, காப்பீட்டுப் பணமாவது வரும் என்ற நினைப்பு ஒரு முறை வந்தால்கூட அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416, 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. கட்டணமில்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் சினேகா அமைப்பின் தன்னார்வலர்கள் இதற்கென்றே உட்கார்ந்து கேட்கிறார்கள். கோ-ஃபவுண்டர் ஒருவர் இப்படிப் பேசினால் அறிவுரை சொல்லாதீர்கள், தனியாக விடாதீர்கள், கூடவே மருத்துவமனைக்குப் போங்கள். கடன் எவ்வளவு பெரிதானாலும் அதற்குத் திவால் சட்டம் இருக்கிறது, தவணை மாற்றம் இருக்கிறது, கம்பெனியை முறைப்படி மூடும் வழியும் இருக்கிறது. பாக்கிகளைத் தீர்த்துவிட்டுத் தாமாகவே பதிவை நீக்கிக்கொள்ள விரும்பும் கம்பெனிகளின் மனுக்களைக் கவனிக்க 2023இல் சி-பேஸ் என்ற தனி மையமே தொடங்கியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கம்பெனிகள் மூடப்படுகின்றன. அவற்றை நடத்தியவர்கள் வேறு வேலைக்கோ அடுத்த தொழிலுக்கோ போகிறார்கள்.

மருத்துவரைப் பார்க்க முதல் முறை போகும்போது ஒரு தாள் எடுத்துச் செல்லுங்கள். எப்போது தொடங்கியது, எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, காபி, சிகரெட், மது எவ்வளவு, என்னென்ன மாத்திரை, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா. கம்பெனி விவரம் இரண்டு வரி போதும். கூட ஒருவரை அழைத்துப் போவது நல்லது. பதற்றத்தில் மருத்துவர் சொன்னதில் பாதி காதில் ஏறாது. நாளைக் குறிக்கும்போது பதின்மூன்று வாரத் தாளையும் பாருங்கள்: சம்பள வாரமாக இருந்தால், சம்பளம் போடும் பொறுப்பை அந்த ஒரு நாளைக்கு அக்கவுண்டன்டிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.